நூறு ஆம்ப்ஸ் பாய்

அவருக்குப் போன் போட்டு "பாய், பீஸ் போயிடுச்சு" என்று சொன்னால், அந்தப் பக்கத்திலிருந்து முதலில் வருவது "அல்ஹம்துலில்லாஹ்" என்பதுதான். என்ன ஆச்சு, எப்போது போச்சு என்ற விசாரிப்பெல்லாம் அதற்கு அப்புறம். பேட்டரியை நம்பி உட்கார்ந்திருப்பவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர், மாப்பிள்ளை அழைப்பு நேரத்தில் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, போனை அணைக்க மறந்துபோய் ஐந்து நிமிஷம் அவரைத் திட்டியிருக்கிறார். பாய் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முடிச்சிட்டீங்களா? இப்ப எந்த பீஸுன்னு பாத்து சொல்லுங்க" என்றாராம்.

ஃபியூஸை எங்கள் பக்கத்தில் யாரும் ஃபியூஸ் என்று சொல்வதில்லை. பீஸ்தான். கடலூரிலிருந்து கொள்ளிடக் கரை வரைக்கும் பீஸ் போச்சு என்றால் அது கெட்ட செய்தி. இவர் ஒருவருக்குத்தான் அது நல்ல செய்தி.

"பீஸ் போச்சுன்னா கம்பி பொழச்சிச்சின்னு அர்த்தம் தங்கச்சி. கம்பி பொழச்சா வூடு பொழச்சிச்சு. அதுக்கு நன்றி சொல்ல வேணாமா?"

"கம்பி எரிஞ்சா என்னா சொல்லுவீங்க?" என்று நானும் விடாமல் கேட்டிருக்கிறேன்.

"இன்னாலில்லாஹ்தான். வேற என்னா சொல்றது?"

மவுத்துச் செய்தி, அதாவது சாவுச் செய்தி வந்தால் அவர்கள் சொல்கிற வார்த்தை அது. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் சொல்வார். பீஸ் மவுத்தாவதற்கென்றே பிறந்தது, கம்பிதான் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டியது என்பது அவருடைய கட்சி.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. லால்பேட்டைக்குள் நின்று பாய் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். சோலார் பாய் என்றால் அவர் ஒருவர்தான் திரும்புவார். நான் வைத்த பெயர் நூறு ஆம்ப்ஸ் பாய். சவுதியில் பாலைவனத்துக்கு நடுவே நிற்கிற போன் டவர்களுக்கு பேட்டரி மாட்டுகிற வேலையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஐம்பதைத் தொட்ட வயது, மருதாணி பூசிய தாடி, சட்டைப் பையில் கால்குலேட்டர், பெல்ட்டில் அளக்கிற டேப். மொபெட்டின் முன்னால் கேபிள் சுருளை வைத்துக்கொண்டு அவர் வருவதைப் பார்த்தால், வண்டியைக் கேபிள் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். இப்போது மகன் கூப்பிட்டான் என்று மலேசியாவுக்குப் போய்விட்டார். அங்கே யாருடைய கணக்கில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை.

குறை கண்டுபிடிப்பது என்று நான் சொல்வது கொஞ்சம் அநியாயம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு குணம். யார் வாயால் சொன்ன கணக்கையும் நம்ப மாட்டார். எத்தனை அடி, எத்தனை வாட்ஸ், எத்தனை பேர், எத்தனை நிமிஷம் என்று யார் எதைச் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டே அவர் கை டேப்பை உருவிக்கொண்டிருக்கும்.

என் வீட்டுக்காரர் அவரை முதலில் பார்த்தது நெல்லிக்குப்பத்தில். எங்களிடம் ஒரு டிராக்டர் உண்டு. சீசனில் அந்தப் பக்கம் கரும்பு லோடு அடிக்கப் போவார். அங்கே ஒரு கரும்புக்காரர் தோட்டத்துக் கொட்டகைக்கு சோலார் போட பாயைக் கூப்பிட்டிருந்தார். பேட்டரிக்கும் கொட்டகைக்கும் இருபது அடிதான் இருக்கும் என்று அவர் சொல்ல, பாய் அளந்து பார்த்து இருபத்தேழு என்றிருக்கிறார். அதோடு விட்டாரா? "போவ இருபத்தேழு, வர இருபத்தேழு. ஐம்பத்து நாலு அடிக்குக் கணக்குப் போடணும்" என்றாராம்.

கரும்புக்காரருக்குக் கோபம். "நான் என்னா லாரியா புடிச்சேன், போவ வர வாடவ போடறீங்க?"

"கரண்டு உங்க கொட்டாய்க்கு வந்து வூட்டோட மாப்பிள்ளையாட்டம் தங்கிடுமா? பேட்டரிக்குத் திரும்பிப் போவணும்ல? போற வழியில கொஞ்சம் வோல்ட்ட கம்பி தின்னும், வர்ற வழியில கொஞ்சம் தின்னும். சன்னக் கம்பி போட்டா கடைசியில ஃபேனு சுத்தாது, சுத்துற மாதிரி நடிக்கும்."

டிராக்டரிலிருந்து இறங்கி நின்று இதைக் கேட்ட என் வீட்டுக்காரர், எங்களுக்கு ஏற்ற ஆள் இவர்தான் என்று முடிவு கட்டி நம்பர் வாங்கி வந்துவிட்டார். எங்களுக்கு ஏற்ற ஆள் என்று அவர் சொன்னது எனக்கு ஏற்ற ஆள் என்ற அர்த்தத்தில். வாய்க்கு வாய் பேச ஒருவர் கிடைத்தால் தான் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான்.

எங்கள் ஊர் குமராட்சிக்குப் பக்கம். வீட்டில் கரண்ட் உண்டு. வயலில், மேட்டுப் பக்கம் நான் போட்ட கோழிக் கொட்டகைக்குத்தான் இல்லை. கரண்ட் கம்பம் முக்கால் கிலோமீட்டருக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் காத்திருந்தேன். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற மெஷின் ஒன்று, ஒரே தடவையில் நானூற்று எண்பது முட்டை வைக்கலாம். இருபத்தொரு நாளும் உள்ளே முப்பத்தேழரை டிகிரி சூடு இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கரண்ட் நின்றாலும் சூடு இறங்கிவிடும். அதனால்தான் சோலார், நான்கு பேட்டரி, இன்வெர்ட்டர், பாய்.

வந்த அன்றைக்கே எனக்கும் அவருக்கும் ஆரம்பித்துவிட்டது. கொட்டகையைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

"வூட்ட எதுக்கு பாய் பாக்கணும்? கொட்டாயில மெஷின் மட்டும்தான் ஓடப் போவுது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார். மிக்ஸியைப் பார்த்து, "இது இங்கயே இருக்குமா, கொட்டாய்க்குப் போவுமா?" என்று கேட்டார். இங்கேயே இருக்கும் என்றேன். கிரைண்டர்? இங்கேயே. இஸ்திரிப் பெட்டி? இங்கேயே. பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டே போனவர், குளியலறை ஆணியில் தொங்கிய வெந்நீர் ராடுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது போவும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குஞ்சு பொரித்த பிறகு மெஷின் தட்டு கழுவ வெந்நீர் வேண்டுமே, அந்த ராடை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நான் மனதில்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். மெஷின் நானூறு வாட்ஸ், நான் மறைத்த ராடு ஆயிரம், லைட்டுக்கு நூறு. ஆக ஆயிரத்து ஐந்நூறு. வீட்டுக் கரண்ட்டில் இது வெறும் ஆறரை ஆம்ப்ஸ். பேட்டரி இருபத்து நாலு வோல்ட் என்பதால் அதே வேலைக்கு அறுபத்திரண்டரை ஆம்ப்ஸ் ஓட வேண்டும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பதைச் சேர்த்தால் எழுபத்து மூன்றரை. அதற்கு மேல் கால் பங்கு கூட்டினால் தொண்ணூற்று இரண்டுக்கு ஒரு துளி குறைவு. கடையில் கிடைக்கிற அடுத்த அளவு நூறு. "பீஸ் நூறு ஆம்ப்ஸ்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். பெயர் வந்த கதை இதுதான்.

என் வீட்டுக்காரர் பேட்டரிகளை டிராக்டர் கொட்டகையில் வைக்கலாம் என்றார். முப்பது அடி தூரம். பேட்டரி வாடை குஞ்சுக்கு ஆகாது என்பது அவர் பயம். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே சுவரின் இந்தாண்ட பேட்டரி, அந்தாண்ட இன்வெர்ட்டர், போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், பேட்டரிப் பக்கம் ஜன்னலைப் பெரிதாக்குங்கள் என்றார். கம்பி என் சுண்டுவிரல் கனத்துக்கு இருந்தது. முப்பத்தைந்து ஸ்கொயர் எம்எம். இருபத்தைந்தே போதும் என்று சிதம்பரத்துக் கடைக்காரர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். "கடைக்காரரா வந்து கொட்டாயில படுப்பாரு?" என்றார். அவ்வளவு தாராளம். அந்தத் தாராளத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார்.

"அப்படியே பீஸையும் கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுடுங்க பாய். நூத்தம்பதா இருந்தா அடிக்கடி போவாதுல்ல."

பாய் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மச்சான், ஜாஸ்தி வேணும்னா பெருநாளைக்கு வூட்டுக்கு வாங்க, பிரியாணில கறி ஜாஸ்தி போடச் சொல்றேன். பீஸ்ல கேக்காதீங்க. இந்தக் கம்பி நூத்தி இருபது வரைக்கும் தாங்கும்னு வைங்க. பீஸ் நூத்தம்பதுன்னா, எங்கயோ கோளாறாயி நூத்தி நாப்பது ஓடுது. எது மொதல்ல எரியும்?"

"கம்பி."

"அப்ப பீஸ் எதுக்கு மாட்டியிருக்குது? திருஷ்டிக்கா?"

கம்பியில் வள்ளல், பீஸில் கஞ்சன். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, தன் சாணால் அளந்து, அந்த நூறு ஆம்ப்ஸ் பீஸை மாட்டினார். ஒரு ஸ்பேர் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நான் கேட்டேன். அதுவும் கிடையாது.

"ஸ்பேர் கையில இருந்தா காரணம் தேட மாட்டீங்க. பழச கழட்டிட்டு புதுச மாட்டிடுவீங்க. பீஸ் காரணம் இல்லாம போவாது தங்கச்சி. போனா என்னக் கூப்பிடுங்க."

"நீங்க வர்ற வரைக்கும்?"

"காத்திருங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்த வருஷப் பெருநாளைக்கு லால்பேட்டைக்குப் போனோம், கறி ஜாஸ்தியாகவே கிடைத்தது. அவர் மனைவி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், நானே எதிர்பார்க்காத அளவுக்குப் புலம்பித் தீர்த்தார். சோறு அஞ்சு நிமிஷத்தில் ஆகிவிடும் என்று சொன்னால் மனுஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். அதைவிடப் பெரிய கூத்து சர்க்கரை விஷயத்தில். ரத்தத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்று டாக்டர் சொன்னதை நம்பாமல், சிதம்பரத்தில் மூன்று இடத்தில் ஒரே காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்திருக்கிறார். மூன்று இடத்திலும் மூன்று நம்பர். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, வந்த நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்திருக்கிறார்.

"டாக்டர் என்னா சொன்னாரு?" என்றேன்.

"மூணுமே ஜாஸ்திதான், மொதல்ல இனிப்ப நிறுத்துங்கன்னாரு. இவுங்க, இனிப்பு எத்தன கிராமுன்னு கேட்டாங்க."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டிருக்க வேண்டும். "என்னா உள்ள ஜாஸ்தியா ஓடுது?" என்று குரல் கொடுத்தார்.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகி எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்துவிட்டது. ஆட்கள் கரையேறிவிட்டார்கள், ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், கூண்டில் இருந்த கோழிகளை யாரால் காப்பாற்ற முடிந்தது? தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. நாற்று நடப் போகிற பெண்களுக்குக் கோழி என்பது கறி இல்லை. பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், கைக்கு அவசரத்துக்கும் அதுதான். நாற்பது வீட்டுப் பெண்கள் வந்து கேட்டார்கள். வீட்டுக்குப் பத்துக் குஞ்சு, அடுத்த மாசம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நானூற்று எண்பது முட்டை வைத்தால் எனக்கு நானூறு குஞ்சுக்குக் குறையாமல் பொரியும். வாக்குக் கொடுத்த தைரியம் அதுதான்.

பதினெட்டாம் நாள், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு மெஷின் நின்றது.

கொட்டகையில் ஃபேன் சத்தம் நின்றதும் எனக்குக் காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் இன்வெர்ட்டரில் விளக்கு இல்லை. பீஸ் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே கறுத்திருந்தது. பாய்க்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார். ஜும்மா தொழுகை நேரம். ஒன்றே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார். கடலூரில், துறைமுகத்துப் பக்கம் மீன்பிடிக்கிறவர் ஒருவர் வீட்டில் வேலையாக இருந்தாராம்.

"பாய், பீஸ் போயிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ. "நானூத்தி எண்பது முட்டை உள்ள இருக்குது! இன்னும் மூணு நாளுல வெளிய வர வேண்டிய உசுரு! இதுக்கும் நன்றி சொல்லுவீங்களா நீங்க?"

"வர்றேன் தங்கச்சி" என்றார். "ஒரே ஒரு தடவ கதவத் தொறந்து, பாட்டில்ல வெந்நி ஊத்தி நாலு மூலையிலயும் வச்சிட்டு மூடிடுங்க. அப்பறம் தொறக்காதீங்க. மேல கம்பளியோ மெத்தையோ போடுங்க. பீஸ் இருக்கற எடத்துல எதையும் வக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் வக்காதீங்க."

அவர் ஏன் அதை இரண்டு தடவை சொன்னார் என்றால், அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கையில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். டிராக்டர் போல்ட் ஒன்று. பீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்பை வைத்து முறுக்கினால் மெஷின் அடுத்த நொடியே ஓடும். எங்கள் பக்கத்தில் பீஸ் போனால் எல்லாரும் செய்கிற வைத்தியம் அதுதான்.

"ரெண்டே மணி நேரம்தான் புள்ள. அவரு வந்ததும் கழட்டிடலாம்" என்றார்.

மெஷினுக்குள் இருக்கும் சூடுமானி முப்பத்து நாலு காட்டியது. கொட்டகையின் மறுபாதியில் குஞ்சுகளுக்குப் போடுவதற்கு வைக்கோல் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு இருந்த கோபத்துக்கு அந்த போல்ட்டை நானே வாங்கி முறுக்கியிருப்பேன். வேண்டாம் என்று நான் தடுத்ததற்குப் புத்தி காரணமில்லை, பயம்தான். தீயைக்கூட நான் நினைக்கவில்லை. வந்து பார்த்துவிட்டு அந்த மனுஷன் என்ன கேட்பார் என்று பயந்தேன்.

நாலரை மணிக்குச் சிதம்பரத்திலிருந்து வந்த மினி பஸ்ஸில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையில் புது பீஸ் இருந்தது. நான் அதைத்தான் பார்த்தேன். அவர் அதை எடுக்கவில்லை. கம்பியைத் தொட்டுத் தொட்டுத் தேட ஆரம்பித்தார்.

"பீஸ போட்டுட்டு தேடுங்க பாய்" என்றார் என் வீட்டுக்காரர்.

"காரணம் தெரியாம போட்டா இதுவும் போவும் மச்சான். கையில இது ஒண்ணுதான் இருக்குது."

எலி கடித்திருக்குமா என்று கம்பியை அங்குலம் அங்குலமாகத் தடவினார். இல்லை. இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நான் ராடு போட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் போய் ராடைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சூடுமானி முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தேன்.

கடைசியில் பீஸ் பெட்டிக்கு வந்தார். பீஸை இறுக்கிப் பிடிக்கிற நட்டில் ஸ்பேனரை வைத்தார். வைத்ததும் அது தானாகவே ஒரு சுற்று சுற்றியது. அந்தப் பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் பழுத்த இலை மாதிரி நிறம் மாறியிருந்தது. அவர் ஸ்பேனரை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்னா பாய்?"

"நட்டு லூஸு" என்றார். "லூஸா இருந்தா அந்த எடம் சூடேறும். சூட்டுலயே பீஸ் உருகிடும். கம்பி நல்லாத்தான் இருக்குது. மெஷின் நல்லாத்தான் இருக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போன மாசம் தொடச்சி மாட்டினது நான்தான். இறுக்காம வுட்டுட்டேன்" என்றார்.

எலி மேல் பழியைப் போட்டிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். வெள்ளத்துக்குப் பிறகு வயல் எலியெல்லாம் மேட்டுக்குத்தான் வந்திருந்தது. டிராக்டர் அதிர்வில் கழன்றுவிட்டது என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்போம். எங்களுக்கு என்ன தெரியும்?

நட்டை முறுக்கினார். புது பீஸைப் போட்டார். ஃபேன் சுற்றியது. மெஷின் முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, டீயும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எண் முப்பதிலிருந்து முப்பத்தேழரைக்கு ஏறுகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி மினி பஸ்ஸுக்குத்தான் எழுந்தார்.

திங்கட்கிழமை பொரிய வேண்டிய முட்டை செவ்வாய்க்கிழமைதான் விரிசல் விட்டது. புதன்கிழமை காலையில் நான் எண்ணினேன். இருநூற்று அறுபத்தொன்று. மிச்சத்தைக் காதில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு போய் பம்பு அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வாழைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நாற்பது வீட்டுக்கும் பத்துக்குப் பதில் ஆறுதான் கொடுக்க முடியும். பாக்கி அடுத்த முறை என்று ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்க வேண்டும். பாய் வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று நான் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஸ்பேர் கொடுத்திருந்தால் இத்தனை நேரம் ஆகியிருக்குமா என்பது முதல் வாக்கியம். கம்பியைத்தானே காப்பாற்றினீர்கள் என்பது இரண்டாவது. அதற்கப்புறமும் நாலைந்து இருந்தது, எல்லாமே நன்றாக உறைக்கிற மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தாடிக்கு மருதாணி பூசாமல் விட்டிருந்ததால் ஐந்து நாளில் பத்து வயது கூடிய மாதிரி தெரிந்தார். ஒரு காகிதப் பையை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். உள்ளே மூன்று பீஸ் இருந்தது. நூறு ஆம்ப்ஸ்தான்.

"இங்கயே இருக்கட்டும் மச்சான்" என்றார். கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"எத்தன தங்கச்சி?"

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நானூத்தி மூணு பாய்" என்றேன்.

வெறும் நானூறு என்றால் நம்ப மாட்டார் என்றுதான் அந்த மூன்றைச் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

பாய் உள்ளே வந்து, தகர வளையத்துக்குள் விட்டிருந்த குஞ்சுகளை விரலால் எண்ண ஆரம்பித்தார். அதுதான் அவர் வழக்கமாயிற்றே. ஒரு நாள் வயசுக் குஞ்சு நின்று கணக்குக் கொடுக்குமா? அறுபது வரைக்கும் போவார், எல்லாம் ஒரு பக்கமாக ஓடிவிடும். திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் ஓடின. மூன்றாம் தடவை நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

"நீங்க சொன்னா சரிதான் தங்கச்சி" என்றார்.

இரண்டரை வருஷப் பழக்கத்தில் நான் சொன்ன ஒரு நம்பரை அவர் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். பேட்டரி அறைக்குப் போய் எல்லா நட்டையும் மூன்று மூன்று தடவை இறுக்கினார். கை கழுவப் பம்புப் பக்கம் போய்விட்டு வந்தார். டீ கொடுத்தேன். குடித்தார். சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லாமல் குடித்தார். என் வீட்டுக்காரர் ரோடு வரைக்கும் கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

வந்தவர் உள்ளே வராமல் கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"என்னா?" என்றேன்.

"பாய் ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

"என்னா சொன்னாரு?"

"வாழைக்கிட்ட குழி ஆழம் பத்தலியாம். ஒன்னேகால் அடிதான் இருக்குதாம். நாய் கிளறிடுமாம், தங்கச்சி பாத்தா மனசு கஷ்டப்படும், ரெண்டடியா போட்டுடுங்க மச்சான்னாரு."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.